வாக்கெடுப்பு மணி அடித்தபோது

அன்புள்ள மகளுக்கு,

உன் டிரைவர் மாமா சொல்ல, உன் அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். பிரசாரத்தில் உன் குரல் கட்டிவிட்டது என்று பால்காரர் சொன்னார். வெந்நீர் குடி.

ஏரிக்கரை மசோதா ஓட்டுக்கு வந்தது எந்த வருஷம் என்று உன் ஆட்கள் என்னைக் கேட்டார்கள். எனக்கு வருஷத்தை எண்ணாகச் சொல்லத் தெரியாது. ஆற்றுப் பாலம் திறந்த வருஷம் அது. திறந்த அன்றே அமைச்சரின் கார் பாலத்து நடுவில் நின்றுபோய், உன் அப்பாவும் நானும் ஜீப்பிலிருந்து இறங்கித் தள்ளினோம். எதிர்க்கட்சி தள்ளியதால்தான் ஆளுங்கட்சி நகர்ந்தது என்று மறுநாள் உன் அப்பா சட்டசபையில் சொல்ல, சபாநாயகரே சிரித்துவிட்டார். சர்க்கஸ் யானை ஒன்று பஸ் டிப்போவுக்குள் புகுந்து, வண்டி கழுவும் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போனதும் அந்த வருஷம்தான். மழையே இல்லாமல் ஏரித் தரையில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். நீ அப்போது பிறக்கவில்லை. உன் அண்ணன் பிறந்ததும் அந்த வருஷம், போனதும் அந்த வருஷம்.

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். உன் போனை யாரோ ஒரு தம்பி எடுத்து, அக்கா பிரசாரத்தில் இருக்கிறார், விஷயத்தை என்னிடம் சொல்லுங்கள் என்கிறான். அவனிடம் சொல்லக்கூடிய விஷயம் என்றால் இத்தனை காலம் நான் ஏன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறேன்? எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். உன் அம்மா டீச்சர். நான் சொல்லும் வாக்கியத்தைக் குளிப்பாட்டித் தலைவாரித்தான் தாளில் உட்கார வைக்கிறார். விஷயம் மாறவில்லை என்று சத்தியம் செய்திருக்கிறார்.

நேற்று மதியம் உன் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் கண்ணாடி போட்டவர்தான் உனக்குப் பேச்சு எழுதித் தருபவராம். ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பொதுக்கூட்டத்தில் நான் மேடை ஏற வேண்டும் என்றார். ஏரிக்கரை மசோதா ஓட்டுக்கு வந்த நாளில் உன் அப்பா ஏன் சபைக்குள் இல்லை என்பதற்கு நான்தான் சாட்சியாம். சாட்சி சொல்லக் கூப்பிடுகிறவர், என்ன நடந்தது என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்ல வேண்டியதை அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஆளுங்கட்சிக்காரர்கள் வழியில் ஜீப்பை மறித்தார்களாம். சாவியைப் பிடுங்கி, எங்கள் இருவரையும் ஒரு செங்கல் சூளையில் அடைத்து வைத்தார்களாம். ஓட்டு முடிந்த பிறகுதான் விட்டார்களாம். அதை வாசித்துக் காட்டி, என்னைத் திருப்பிச் சொல்லவும் சொன்னார். "சாவியைப் பிடுங்கினாங்கன்னு சொல்ற இடத்துல கொஞ்சம் நிறுத்துங்க பெரியவரே, கைதட்டு விழும்" என்றார்.

இது அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உனக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்னும் தெரியாது.

உன் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. உன்னை எதிர்த்து நிற்கும் மைக் செட்காரர் தன் சொந்த மைக்கிலேயே தெருத் தெருவாகப் பேசிக்கொண்டு போகிறார். நம் வீட்டு வாசலில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்திச் சொன்னார்: "அப்பா விலைபோய்க் கதவுக்கு வெளியே நின்னாரு. பொண்ணு உள்ளே போய் என்னத்தைக் கிழிக்கப் போகுது?" உன் அம்மா ஜன்னலைச் சாத்தவில்லை. அந்த வண்டி தெருமுனை திரும்பும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

செங்கல் சூளைக் கதையையும் அவர் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வந்தவர்கள் போனதும் பேனாவும் தாளுமாக என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "சொல்லுங்கண்ணா, எழுதுறேன். எதையும் விட வேண்டாம்" என்றார். நேற்று ராத்திரி வரை நான் ஊர்க்கதை உலகக்கதையெல்லாம் பேசி இழுத்துப் பார்த்தேன். அவர் பேனாவை மூடவில்லை.

உன் அப்பாவும் நானும் ஒரே பஸ்ஸில் ஓடியவர்கள். அவர் கண்டக்டர், நான் டிரைவர். ஒரு விசில் அடித்தால் நிற்கும், இரண்டு விசில் அடித்தால் கிளம்பும். அவர் விசில் இல்லாமல் என் கால் பெடலில் இறங்காது. பஸ் நிலையத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு அவர் வேலைநிறுத்தம் நடத்தினார். அதில் வந்த பெயரில்தான் தேர்தலில் நின்றார். ஜெயித்து உறுப்பினரான பிறகும் ஊரில் அவர் பெயர் கண்டக்டர்தான். திங்கட்கிழமை ஆனால் எங்கள் பழைய தடத்துப் பஸ்ஸில் ஏறிப் பின்வாசல் பக்கம் உட்கார்ந்துகொள்வார். மனு கொடுக்க வருகிறவர்கள் டிக்கெட் எடுத்து ஏற வேண்டும். தன் ஸ்டாப் வருவதற்குள் குறையைச் சொல்லி முடிக்க வேண்டும். நீட்டி முழக்குகிறவர்களிடம், "அண்ணே, உங்க ஸ்டாப் வந்துடுச்சு, மிச்சத்தை அடுத்த வாரம் ஏத்திக்கலாம்" என்பார். அந்தப் பஸ்ஸில் கேட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வார்டு வந்தது. நீ படித்த பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் வந்ததும் அப்படித்தான்.

உன் அம்மாவும் அந்தத் தடத்தில்தான் ஆசிரியர் பயிற்சிக்குப் போய் வந்தார். தன் ஸ்டாப்புக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே எழுந்து, கம்பியைப் பிடித்தபடி வாசலுக்கு வந்துவிடுவார். இறங்குவதற்கா இந்த அவசரம் என்று டிப்போ முழுக்கச் சிரிப்போம். அவர்கள் இருவரின் கல்யாணத்தில் பெண் பக்கம் நிற்க ஒருவரும் வராததால் நான் அண்ணனாக நின்றேன். அன்று முதல் உன் அப்பாவுக்கு நான் மச்சான்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

(இந்த இடத்தில் உன் அம்மா எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இன்றைக்கு இதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்றேன். "இத்தனை வருஷம் நிறுத்தினது போதும்" என்றார்.)

உன் அண்ணன் போன பிறகு உன் அம்மாவிடம் பேச்சு நின்றுவிட்டது. அழுதாலாவது பரவாயில்லை, அதுவும் இல்லை. சோறு வைத்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தையின் துணிகளைத் துவைத்துக் காயப்போடுவார், காய்ந்ததை எடுத்து மறுபடியும் துவைப்பார். தலைநகரில் நல்ல டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார் என்று சொன்னார்கள். சபை கூடும் வாரமாகவும் இருந்ததால் உன் அப்பா உன் அம்மாவையும் ஜீப்பில் அழைத்துக்கொண்டார். உறுப்பினர் விடுதியில் அறை. மறுநாள் காலை டாக்டரைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்குள் இந்த மசோதா வந்துவிட்டது.

ஏரிக்கரைக் குடியிருப்பை ஆலைக்கு எடுத்துக் கொடுக்கும் மசோதா. அங்கே இருந்ததெல்லாம் உன் அப்பாவுக்கு ஓட்டுப் போட்ட ஜனம். நான் இருக்கிறவரை உங்கள் வீட்டுச் சுவரில் கடப்பாரை படாது என்று அவர்கள் தெருவில் நின்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆளுங்கட்சியிலேயே சிலர் அந்த மசோதாவை எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம், ஒரு தலை இப்படி அப்படி ஆனாலும் கதை மாறிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் ஓட்டு என்றார்கள்.

விடுதிக்கும் சபைக்கும் நடுவில் ஒரு ரோடுதான். ஓட்டு என்றால் சபையில் அடிக்கும் மணி விடுதித் தாழ்வாரத்திலும் அடிக்கும். அது அடித்துக்கொண்டிருக்கும்வரை உறுப்பினர்கள் ஓடிவந்து உள்ளே போகலாம். மணி நின்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு யாராக இருந்தாலும் வெளியேதான்.

விடுதியில் துப்புரவு வேலை பார்த்த ஒரு அம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு உன் அப்பா சபைக்குப் போயிருந்தார். நான் சபை வாசலில் ஜீப்போடு நின்றேன். விடுதிக் காவல்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். வீட்டம்மா மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள், கைப்பிடிச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், கால் வெளிப்பக்கம் தொங்குகிறது, சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்றார். உள்ளே சீட்டு அனுப்பினோம். உன் அப்பா வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஓடினார்.

நான் பின்னாலேயே ஏறினேன். மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றுவிட்டேன். காய்கிற வேட்டிகளுக்கு அந்தப் பக்கம் உன் அம்மா முதுகு தெரிந்தது. துப்புரவு அம்மா கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, தன் மருமகள் செய்யும் அநியாயங்களையெல்லாம் உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுந்து பிடிக்கப் போனால் உன் அம்மா பயந்து விழுந்துவிடுவார் என்று பேச்சிலேயே பிடித்து வைத்திருந்தாள் புண்ணியவதி. உன் அப்பா ஓடியது தெரியாமல் மெதுவாக நடந்தார். கிட்டே போகவில்லை. சுவரோரமாக உன் அம்மா கண்ணில் படும்படி நின்றார்.

அப்போதுதான் மணி அடித்தது.

கீழே தாழ்வாரம் முழுக்கக் கதவுகள் திறந்து மூடின. செருப்புச் சத்தம், ஓட்டம், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கட்சிக் கொறடா படியடியில் நின்று, கண்டக்டர் எங்கே, கண்டக்டரைப் பார்த்தீர்களா என்று கத்துவது எனக்குக் கேட்டது. "மச்சான், மணி அடிக்குது" என்றேன். அது அவருக்குக் கேட்காமல் இல்லை. திரும்பாமலே வலது கையைப் பின்னால் நீட்டி உள்ளங்கையைக் காட்டினார். பஸ்ஸில் படியில் ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போது, எடுக்காதே என்று எனக்குக் காட்டும் அதே கை. நான் அப்படியே நின்றேன். கொறடாவுக்கும் பதில் சொல்லவில்லை.

உன் அப்பா வா என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. ஸ்டாப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். எங்கள் பழைய தடம், அதே ராகம். "பால் பண்ணையெல்லாம் இறங்கு." கொஞ்சம் நிறுத்தினார். "ரயில்வே கேட்." நிறுத்தினார். "பழைய ஆஸ்பத்திரி. மரக்கடை." ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பஸ் எவ்வளவு நேரம் ஓடுமோ ஏறக்குறைய அவ்வளவு நேரம் விட்டார். அவசரமே படவில்லை. கீழே மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஏரிக்கரை ஜனம் முழுக்க அந்தச் சத்தத்துக்குள் நிற்பதுபோல் இருந்தது. "நெல் மண்டி." மணி நின்றுவிட்டது. உன் அப்பாவின் தோள் ஒருமுறை இறங்கியதைப் பார்த்தேன். குரல் இறங்கவில்லை. "தண்ணீர்த் தொட்டி" என்றார்.

அது பயிற்சிப் பள்ளிக்கு முந்தின ஸ்டாப். உன் அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை உள்பக்கம் எடுத்துப் போட்டு எழுந்தார். ஒவ்வொரு நாளும் வாசலுக்கு வந்ததுபோல உன் அப்பாவிடம் வந்து நின்றார். உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் உன் அப்பா பயிற்சிப் பள்ளி என்று சொன்னார். சொல்லிவிட்டு அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இனி வருவதை நான் சொல்லவில்லை. தானே எழுதிக்கொள்வதாக உன் அம்மா சொன்னார்.

நான் சாகப் போகவில்லை, வாழவும் போகவில்லை, மகளே. குழந்தையின் துணி காயும் இடத்தைத் தேடிப் போனேன் என்று நினைக்கிறேன். அங்கே காற்று நன்றாக இருந்தது. அன்று மணிச் சத்தம் என் காதில் விழவே இல்லை. பிறகு ஆயுள் முழுக்க விழுந்தது.

இனி மறுபடியும் நான், உன் டிரைவர் மாமா.

சபையில் ஓட்டு சமமாக விழுந்தது. சபாநாயகர் தன் ஓட்டைப் போட்டு மசோதாவை நிறைவேற்றிவிட்டார். உன் அப்பா ஒருவர் உள்ளே இருந்திருந்தால் அது செத்திருக்கும். வெளியே வந்த கொறடா எங்கே போய்த் தொலைந்தாய் என்று உன் அப்பாவின் சட்டையைப் பிடித்தார். இவர் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை டாக்டரம்மா நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, இது வெளியே போக வேண்டாம், போனால் போலீஸ் கேஸ் ஆகும், பள்ளிக்கூட வேலையும் போகும் என்றார். அந்தக் காலத்தில் அப்படித்தான். ஆனால் உன் அப்பா அதற்காக மட்டும் வாயை மூடவில்லை. ஊரே ஏசுகிறதே, எனக்குத் தாங்கவில்லை, சொல்லிவிடலாம் என்று நான் ஒருநாள் சண்டை போட்டேன். "அது என் கதை இல்ல மச்சான், அவ கதை. நான் எப்படிச் சொல்ல முடியும்?" என்றார். நானே சொல்கிறேன் என்று உன் அம்மா எத்தனையோ முறை கேட்டார். உன் அப்பாதான், குணமாகட்டும், பிள்ளை பிறக்கட்டும், பிள்ளை படிக்கட்டும் என்று தள்ளித் தள்ளியே காலத்தை ஓட்டிவிட்டார்.

ஏரிக்கரையை இடித்தார்கள். உன் அப்பா போய் நின்றார். ஒரு பெரியம்மா அவர் முகத்தில் காறித் துப்பினாள். துடைத்துக்கொள்ளாமல் அவள் சாமான்களை வண்டியில் ஏற்றினார். அடுத்த தேர்தலில் டெபாசிட்டும் போயிற்று. ஜனங்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த பொட்டல்வெளிக்கு ரோடு இல்லை, தண்ணீர் இல்லை. பதவி இல்லாமலே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அங்கே பஸ் விட வைத்தார். முதல் நாள் அந்தப் பஸ்ஸில் ஒருத்தரும் ஏறவில்லை, அவர் இருக்கிறார் என்பதற்காகவே. காலி வண்டியில் தனியாகப் போய்த் தனியாக வந்தார். அடுத்த திங்கட்கிழமையும் போனார். ஒருநாள் அந்தத் துப்பிய பெரியம்மாவே ஏறி, டிக்கெட் எடுத்து, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாள். அதற்கு அடுத்த தேர்தலில் அதே ஜனம்தான் அவரை மறுபடி சபைக்கு அனுப்பியது. அவர்கள் மன்னித்தார்கள். காரணம் கேட்டுக்கொண்டு மன்னிக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், செங்கல் சூளை வேண்டாம். அன்று ஜீப்பை யாரும் மறிக்கவில்லை, சாவியை யாரும் பிடுங்கவில்லை. செத்துப்போன எதிராளிகள்மேல் பொய்யைச் சாத்தி உன் அப்பாவைக் கழுவ வேண்டியதில்லை. அதைச் சொல்ல நான் மேடை ஏற மாட்டேன். கண்ணாடிக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

உண்மையையும் நான் மேடையில் சொல்ல மாட்டேன். உன் அப்பாவே சொல்லாததைச் சொல்ல நான் யார்? நேற்று ராத்திரி உன் அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர், அப்படியானால் நான் வந்து சொல்கிறேன் என்கிறார். நான் வேண்டாம் என்றேன். மைக் செட்காரரின் ஆட்கள் கூட்டத்துக்குள் நிற்பார்கள், ஊளையிடுவார்கள், பைத்தியம் என்பார்கள், இந்த வயதில் இது தேவையா என்றேன். பள்ளிக்கூடத்தில் ஊளையிட்ட பிள்ளைகளை எத்தனை வருஷம் மேய்த்தேன் தெரியுமா என்று கேட்டார். சிரித்தபடிதான் கேட்டார். கை மட்டும் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தது. எனக்கு இன்னும் பயம்தான் மகளே. இதைச் சொன்னால் நீ தோற்றாலும் தோற்பாய் என்று உன் அம்மாவிடம் அதையும் சொல்லிவிட்டேன். அது அவளுக்குத் தெரியட்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன் கார் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். எனக்குக் கண் மங்கிவிட்டது. ஓட்ட முடியாது, முன்சீட்டில் உட்காருவேன். எடுக்கலாமா வேண்டாமா என்று சொல்ல உன் அப்பா இல்லை. ஆகவே இந்த வரியை எழுதச் சொல்லிவிட்டு உன் அம்மா முகத்தைப் பார்க்கிறேன். தாளை விட்டுத் தலை தூக்காமல், "ரைட், போகலாம்" என்கிறார்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நாங்கள் வரும்போது நீ மேடையில் உட்கார்ந்திருக்காதே. இறங்கி வந்து கடைசிப் படியில் நில். உன் அம்மா கையைப் பிடித்து ஏற்று. பேசும்போது கிட்டே நில், ஆனால் நடுவில் பேசாதே. அவருக்குப் பாதியில் குரல் நின்றால் நிற்கட்டும், நீ முடித்துவைக்காதே. யாராவது சத்தம் போட்டால் பதில் சொல்லாமல் உன் அப்பா மாதிரி உள்ளங்கையைக் காட்டு. அது மனசுக்கு ஒப்பவில்லை, தேர்தல்தான் முக்கியம் என்று தோன்றினால் சனிக்கிழமைக்குள் ஆள் சொல்லி அனுப்பு. நாங்கள் வீட்டிலேயே இருந்துகொள்கிறோம். உன்மேல் ஒரு குறையும் நினைக்க மாட்டோம். உன் போனை எடுக்கும் அந்தத் தம்பியிடம் சொல்லாதே, நீயே யாரையாவது அனுப்பு.

கொறடா போய்விட்டார். டாக்டரம்மா போய்ப் பல வருஷம். செருப்பைக் கையில் பிடித்து ஓடிவந்த காவல்காரர் போனார். மருமகளைத் திட்டியே ஓர் உயிரைப் பிடித்துவைத்த அந்தத் துப்புரவு அம்மா, கடைசியில் அந்த மருமகள் மடியிலேயே போனாள் என்று கேள்விப்பட்டேன். உன் அப்பாவை நீயும் நானும் சேர்ந்துதான் கொண்டுபோய் விட்டோம். நான் அன்று படியில் நின்றவன், மாடிக் கணக்கில் வர மாட்டேன்.

ஜெயித்தாலும் தோற்றாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சொன்னவன், உன் டிரைவர் மாமா.
எழுதியவர், அன்று அந்த மொட்டை மாடியில் இருந்தவர்களில் இன்றும் உயிரோடு இருக்கும் ஒரே ஆள், உன் அம்மா.